நாய்க்கு ஒரு மனநலக் கடிதம்

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை, “வாடகை வீட்டில் மனதுக்கு ஆதரவு விலங்காக நாய் வைத்திருக்க மனநல வைத்தியரின் கடிதம் வேணுமாம்” என்றால் அச்சுவேலியில் அம்மாவுக்கு நித்திரை போய்விடும். கலங்க வேண்டாம்.

1. வைத்தியரிடம் பயமின்றிப் போகச் சொல்லுங்கள். மதிப்பீடு ஆளுக்குத்தான், நாய்க்கல்ல, பெரும்பாலும் பேச்சுத்தான்.

2. கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். நித்திரை, பசி, குடி, பழைய மருந்து எல்லாம் கேட்பார்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்ததா என்பதும் வழமையான கேள்விதான். இடம்பெயர்வு, ஷெல்லடி, இழப்பு பற்றி நம் வீடுகளில் வாய் திறப்பதில்லை. அங்கேயும் மறைத்தால் வைத்தியருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

3. நாயால் என்ன மாறுகிறது என்று எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாசம் மட்டும் போதாது. மனநலப் பாதிப்பை நாய் எப்படிக் குறைக்கிறது என்பதே கடிதத்துக்குத் தேவை.

4. இணையத்தில் விற்கும் ஆதரவு விலங்குப் ‘பதிவுச் சான்றிதழை’ வாங்க விடாதீர்கள். அமெரிக்க அரசிடம் அப்படியொரு பதிவேடே இல்லை. சுத்தக் காசு பிடுங்கல்!

5. கடிதத்தை நம்பி நாயோடு போக விமான ரிக்கெற் எடுக்க விடாதீர்கள். 2021 ஜனவரி முதல் ஆதரவு விலங்கைச் சேவை விலங்காக ஏற்கும் கட்டாயம் அமெரிக்க விமான விதியில் இல்லை.

6. ஊரில் உங்களுக்கே மனம் சரியில்லையென்றால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். அரச வைத்தியசாலையில் காசில்லை. பழைய மருந்துத் துண்டுகளையும் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள்.