நுரை போகும் ஊர்

"நம்ம ஊர்ல கடலே இல்ல. கடல் மீன் செத்தா நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் நம் தென்பெண்ணை ஆற்றிலேயே இருக்கிறது.

ஆறு போகும் வழி:
தென்பெண்ணை கர்நாடகாவில் நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூருக்குக் கிழக்கே ஓடி, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

நுரை ஏன் வருகிறது?
பெங்களூர் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில் சேர்கிறது. அதில் சாக்கடை, சோப்புத்தூள், ஆலைக் கழிவு எல்லாம் இருக்கும். அணை மதகில் தண்ணீர் வேகமாக விழும்போது காற்று கலந்து நுரைக்கிறது. வாளியில் சோப்புத்தூள் போட்டு கையால அடிச்சா வருமே, அதே மாதிரிதான். நுரை அடங்கிட்டா தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கக் கூடாது. கரைந்த கழிவு கண்ணுக்குத் தெரியாது.

தீமைகள்:
1. கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன் வளரும் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ரொம்பக் குறைந்தால் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். சோப்பு அவற்றின் செவுளையும் கெடுக்கும்.
2. கழிவில் உள்ள பாஸ்பேட் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரமாகிறது. அவை அழுகும்போது ஆக்சிஜன் இன்னும் குறையும். பல வகை இறால், நண்டு, மீன்களின் குஞ்சுகள் வளர்வது ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில்தான். கழிவு அங்கே போனால் அவையும் பாதிக்கப்படும்.
3. சாக்கடை கலந்த நீரால் மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு, டைபாய்டு, தோல் அரிப்பு வரும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்த மீனைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு நோய் வந்தது 1956-ல் தெரிந்தது. பலர் இறந்தார்கள். கடலில் கொட்டியது சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பி வந்தது.

நாம் செய்ய வேண்டியவை:
* நுரையில் விளையாடக் கூடாது. ஆடு மாடுகளை அந்தத் தண்ணீர் குடிக்க விடக் கூடாது.
* சோப்புத்தூளை அளவாகப் போட வேண்டும். வாய்க்காலில் துணி துவைக்கக் கூடாது.
* பெயின்ட், ஆயில், பழைய பேட்டரியைச் சாக்கடையில் போடக் கூடாது.
* ஆலைகளும் நகராட்சிகளும் கழிவைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். இதைக் கிராம சபையில் பெரியவர்கள் கேட்க வேண்டும்.

பெங்களூர்க்காரங்க மேல மட்டும் குறை சொன்னால் போதுமா? பெங்களூருக்கு நாம் கீழே இருக்கிறோம். ஆனால் கிருஷ்ணகிரிக்கும் கடலூருக்கும் நாம்தான் மேலே இருக்கிறோம். நாம் விடும் தண்ணீர்தான் அவர்களுக்குப் போகிறது. இதை மறக்காமல் இருப்போம், ஆற்றைக் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி