மாரிக்கு எந்த டயர்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி மழை இறுகத் தொடங்கினால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை டயர் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். நம் பக்கத்தில் ஓடும் ஹயஸ் வேனும் ஓட்டோவும் பின் சில்லு இழுவை வாகனங்கள். இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கும் மார்க் எக்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். வண்டியைத் தள்ளுகிற வேலை முழுவதும் பின் சில்லுகளுடையது என்பதால் ஈர வீதியில் எக்சிலேட்டரைச் சற்று அழுத்தினாலே அவை பிடி விட்டுச் சுழலும். ஆள் ஏற்றாத வேனில் பின்பக்கம் பாரமும் குறைவு. அதனால்தான் டயர் பற்றிய தவறான நம்பிக்கைகள் இங்கே அதிகம் வலிக்கின்றன.

“ஜப்பான் பனி டயர் மெதுவானது, வெட்டும் ஆழம். மழைக்கு அதுதான் திறம்.” பனி விழும் பகுதிகளிலிருந்து வரும் ரெக்கண்டிஷன் வாகனங்கள் சிலவேளை அந்த டயர்களோடே இறங்குவதுண்டு. பக்கவாட்டில் மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் பொறித்த அடையாளம் இருந்தால் அது குளிர்காலத்துக்குச் செய்த டயர். அதன் இறப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் விறைக்காமல் இருப்பதற்காகக் கலக்கப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் பூட்டுவது சட்டம். அங்கே அது உயிர் காக்கிறது. கல்முனையிலோ மாரியின் விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. இந்தச் சூட்டில் அந்த இறப்பர் மேலும் இளகிவிடும். பனியைக் கவ்வுவதற்காக வெட்டிய நுண்ணிய கீறல்களால் டயரின் கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளியும். வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும், டயரும் சீக்கிரம் தேயும். நமக்குத் தேவை தவாளிப்பு ஆழமான சாதாரண டயர். 195 மில்லிமீற்றர் அகலமான டயரொன்று 80 கிலோமீற்றர் வேகத்தில் 3 மில்லிமீற்றர் நீரில் ஓடினால், செக்கனுக்குச் சுமார் 13 லீற்றர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் வழிந்தோட இடம் கொடுப்பது தவாளிப்பு. அது 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்தால் மாரிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். தேய்வுக் கோடு வெளிப்படும் 1.6 வரை காத்திருப்பது கோடைக்கே சரியில்லை.

“ஸ்டியரிங் முன்னுக்குத்தானே இரிக்கி, புது டயரையும் முன்னுக்குப் போடுங்க.” இரண்டு டயர் வாங்கவே காசு இருக்கிற வீட்டில் எடுக்கப்படும் முடிவு இது, பெரும்பாலும் பிழையான முடிவு. முன் சில்லு வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். எக்சிலேட்டரை விட்டால் பிடி திரும்பவும் கிடைக்க வாய்ப்புண்டு. பின் சில்லு வழுக்கினால் வால் சுழன்று, வண்டி வீதிக்குக் குறுக்கே நின்றுவிடும். பழகிய சாரதிக்கே அதை மீட்பது கஷ்டம். எந்தச் சில்லு இழுவையாக இருந்தாலும் நல்ல இரண்டும் பின்னுக்குத்தான். மகியங்கனை வழியாகக் கண்டி போய்வருகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பதினெட்டு வளைவின் ஈர இறக்கத்தில், பின் சில்லு இழுவை வண்டியில் சட்டென்று கியரைக் குறைத்தால் எஞ்சினின் இழுப்பு முழுவதும் பின் சில்லுகளில் மட்டும் விழும், ஹேன்ட்பிரேக் போட்டது மாதிரி. கியரை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்.

காற்றைக் குறைத்தால் ஈர வீதியைப் பிடிக்கும் என்பதும் தவறு. 1960களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கின்படி, தண்ணீர் ஆழமாகத் தேங்கிய தரையில் 32 பி.எஸ்.ஐ. டயர் ஏறக்குறைய 94 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 20 பி.எஸ்.ஐ. என்றால் 75 கிலோமீற்றரிலேயே. வேனுக்குரிய அளவு காருக்குரியதல்ல. சாரதியின் கதவோரத் தாளைப் பாருங்கள்.

பெரிய டயர் வெள்ளத்தைத் தாண்டும் என்ற நம்பிக்கைதான் மிகக் கொடியது. 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் மௌத்தானார்கள். அந்த நாளை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு மாரியிலும் யாரோ ஒருவர் கிட்டங்கித் தாம்போதித் தண்ணீருக்குள் வண்டியை இறக்குகிறார். காற்றடைத்த டயர் பெரிதாக ஆக, நீர் அதை மேலே தூக்கும் விசையும் கூடும். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாயும் தண்ணீர் 30 சென்றிமீற்றர் இருந்தாலே சிறிய காரை அடித்துச் செல்லும். 60 இருந்தால் வேனுக்கும் அதே கதிதான்.

பாவித்த டயர் வாங்குகிறவர்கள் தவாளிப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஓடாமல் கிடந்த டயரும் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும், இறுகிய இறப்பர் ஈரத்தைப் பிடிக்காது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் கடந்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஸ்பெயர் சில்லிலும் அந்த எண்ணைப் பாருங்கள். பல வேன்களில் வண்டியோடு வந்த டயரே இன்னும் அங்கே கிடக்கிறது.