சன்னலோரத்தில் அகன்ற அவரை

இங்கிலாந்தின் ஜனவரிக் குளிரிலும் ஃபாபா பீன்ஸ் எனப்படும் அகன்ற அவரையை நாம் வீட்டுக்குள் முளைக்க வைக்கலாம். கழிப்பறைத்தாள் சுருளின் அட்டைக் குழாயில் ஈரமண் நிரப்பி, விதையை 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுகிறோம், பின்னர் வேர் கலையாமல் குழாயோடே தோட்டத்தில் நட்டுவிடலாம். முளைத்த நாற்றை ஹீட்டர் அருகே வைத்தல் தவறு. வெப்பம் மிகுந்து ஒளி குறைந்தால் தண்டு மெலிந்து சாயும். குளிர்ந்த, வெளிச்சமான சன்னலோரமே ஏற்றது.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் மண்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுக.

ஒன்றை வலியுறுத்துகிறோம்: ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோர் இவ்வவரையை உண்ணலாகாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். அத்தகைய குழந்தை இருக்கும் வீட்டில் விதைகூட அதன் கைக்கு எட்டலாகாது. உண்டபின் சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவமனைக்கு வருக.