மினிட்ஸ் எழுத 21 மாதப் பயிற்சியா?

கேள்வி: என் மகள் கம்பெனி செக்ரட்டரி படிப்பில் எக்ஸிகியூட்டிவ் தேர்வை முடித்துவிட்டாள். அடுத்து 21 மாதப் பயிற்சியாம். சட்டத்தைப் புத்தகத்திலேயே படித்தாயிற்று. மினிட்ஸ் எழுதப் பழக இவ்வளவு காலம் எதற்கு?
– வாசகர், ஈரோடு

பதில்: நியாயமான கேள்விதான் ஐயா. ஆனால் உங்கள் மகள் பழகப்போவது மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுத மட்டுமல்ல. கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளிக்குக் கடிதம் அடித்துத் தருபவர் என்ற நினைப்பு நம்மூரில் இன்னும் போகவில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 203-வது பிரிவோ அவரை நிர்வாக இயக்குநர் இடம்பெறும் அதே வரிசையில் வைக்கிறது. கம்பெனி எடுக்கும் முடிவு சட்டப்படி செல்லுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்.

அதைப் புத்தகத்தில் படித்தால் போதாதா? ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இயக்குநர்கள் 7 பேர். போர்டு கூட்டத்துக்குக் கோரம், அதாவது வந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, மூன்றில் ஒரு பங்கு. பின்னத்தை மேலே தள்ளினால் 3. மூன்று பேர் வந்துவிட்டார்கள், காபியும் வந்துவிட்டது. அஜெண்டாவில் நான்காவது பொருள் ஓர் ஒப்பந்தம். அதைப் பெறும் கூட்டாண்மை நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்), வந்தவர்களில் ஒருவர் கூட்டாளி. அந்தப் பொருளில் அவர் கலந்துகொள்ளக் கூடாது. கோரத்திலும் அவரைச் சேர்க்க முடியாது. மிச்சம் இருவர். அந்த முடிவை அன்று எடுக்க முடியாது.

தேர்வில் இந்த விவரமெல்லாம் ஒரே பத்தியில் வரும். உங்கள் மகள் இரண்டு நிமிடத்தில் விடை எழுதிவிடுவார். அலுவலகத்தில் அவர் அங்கே கூட்டாளி என்ற விவரம், இயக்குநர் ஏப்ரலில் கொடுத்த எம்.பி.பி.-1 படிவத்தில் (தனக்கு எங்கெங்கே ஈடுபாடு உண்டு என்று அவர் தரும் அறிவிப்பு) ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கும். ஒப்பந்தம் வேறொரு ஃபைலில். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் கண் பழக்கத்தில்தான் வரும். பார்த்ததை, தன்னைவிட முப்பது வயது மூத்த சேர்மனிடம் கூட்டத்துக்கு முந்தின நாளே பக்குவமாகச் சொல்வது அதைவிடக் கஷ்டம். அதற்குப் பாடநூல் கிடையாது.

எல்லா இடத்திலும் இது கிடைக்கும் என்றும் சொல்லமாட்டேன். படிவங்களை ஆன்லைனில் ஏற்றவைத்தே காலத்தை ஓட்டும் அலுவலகங்களும் உண்டு. சேரும் முன்பே, “அஜெண்டா தயாரிக்க விடுவீர்களா, போர்டு கூட்டத்தில் உட்கார வாய்ப்பு உண்டா?” என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதைப் பிறகு கேட்கலாம்.