பெயரைக் கேட்குமுன் பாட்டைக் கேள்

விநாயகபுரம்

அன்பின் மருமகனுக்கு,

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஆட்டோவில் வந்தோமே, நினைவிருக்கிறதா? ஓட்டுநர் ஒரு பாட்டுப் போட்டார். கணீரென்ற ஆண் குரல். நீ தொடையில் தாளம் போட்டபடி, “ஆரு மாமா பாடுற?” என்று கேட்டாய். நாகூர் ஈ. எம். ஹனிபா என்றேன். “ஓ, அவங்கட பாட்டா?” என்றாய். உன் விரல்கள் நின்றுவிட்டன. குரலும் தாளமும் அப்படியேதான் இருந்தன.

பெயரைக் கேட்டதும் ரசனை மாறும் இந்தத் தடுமாற்றம் பெரிய விமர்சகர்களுக்கும் வந்திருக்கிறது. வியன்னாவில் பிறந்த வயலின் மேதை ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், தான் இயற்றிய பல உருப்படிகளைப் புன்யானி, கூப்பரேன் முதலிய பழைய இசையமைப்பாளர்களின் பெயரில் பல ஆண்டுகள் வாசித்துவந்தார். கேட்டவர்கள் புகழ்ந்தார்கள். 1935இல் அவை தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டதும் சிலர் கொதித்தெழுந்தார்கள். பெயர் மாறினாலும் இசையின் தரம் மாறாது என்பதே அவர் பதில். ஏமாற்றியது பிழைதான், ஆனால் நேற்று இனித்த இசை இன்று எப்படிக் கசக்கும்?

நம் கிழக்குக் கரையின் நாட்டார் கவிகளை எடுத்துக்கொள். பரணில் வேளாண்மைக் காவலிருந்தவனும் வீட்டுக்குள் இருந்த பெண்ணும் பாடிய நாலடிக் கவிகள், முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் வாய்வழியாக வந்தவை. கட்டியவர் ஆரென்று தெரியாது. அவற்றை எடைபோட நமக்கிருப்பது சொல்லும் ராகமும் மட்டுமே. அப்படியும் அவை நெஞ்சைத் தொடுகின்றன.

அதற்காகப் பாடகரைப் பற்றி அறியவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த ஹனிபா, இஸ்லாமியப் பாடல்களோடு திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் பல்லாண்டு பாடியவர். திறந்தவெளியில் கடைசி வரிசை வரை எட்டவேண்டிய குரல் அது. இதை அறிந்து கேட்டால், அவர் ஒரு சொல்லை ஏன் அவ்வளவு அழுத்தி, தெளிவாக வீசுகிறார் என்பது விளங்கும். இப்படிப்பட்ட அறிவு காதைத் திறக்கிறது. “அவங்கட”, “எங்கட” என்ற அறிவு காதை மூடுகிறது.

ஆகவே மகன், புதுப் பாட்டொன்றை முதலில் பெயர் கேளாமல் முழுதாகக் கேள். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று உனக்குள் சொல்லிப் பார். பிறகு பாடியவரைப் பற்றி விசாரித்துவிட்டு மறுபடி கேள். அப்போது உன் விரல்களைக் கவனி. அவை நின்றால், நிறுத்தியது பாட்டா பெயரா என்று உன்னையே கேட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா