ஜெர்மன் ஒலிகளும் நம் நாவும்

பிறமொழி கற்கப் புகுவோர் பெரும்பாலும் எழுத்தையே முதலிற் பற்றிக்கொள்கின்றனர். உச்சரிப்பைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றனர். மொழிப் பயிற்சி ஒலியினின்றே தொடங்குதல் வேண்டும் என்பதை ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வியெட்டர் 1882-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு நூலில் வற்புறுத்தினார். ஒலிகள் வாயில் எங்ஙனம் பிறக்கின்றன என்று ஆராய்தல், தொல்காப்பியத்துள் பிறப்பியல் பயின்ற நமக்குப் புதிதன்று. அக்கண் கொண்டே ஜெர்மன் ஒலிகள் சிலவற்றை நோக்குவோம்.

ஜெர்மன் மொழியில் ‘டீர்’ எனின் மிருகம். ஈகாரத்துக்கு வைத்த நாவை அசைக்காமல், இதழ்களை மாத்திரம் ஊகாரத்துக்குப் போலக் குவித்து அதனையே கூறின், கதவு எனப் பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். இவ்வுயிரொலி தமிழில் இல்லை. பலமுறை கேட்டும் கைவராதவர், நாவின் நிலை வேறு, இதழின் நிலை வேறு எனப் பிரித்துணர்ந்தால் எளிதிற் பெறுவர். இதழ் குவியாவிடின், கதவைத் திறக்கச் சொன்னவர் மிருகத்தைத் திறக்கச் சொன்னவராவர்.

தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லின் இடையே ஒரு மெய்யொலி உண்டு. யகரத்துக்கு நா எழும் இடத்தில், குரல் சேராமல் மூச்சு மட்டும் உரசிச் செல்ல அது பிறக்கும். அதனை ஷகரமாக ஒலித்தால் சொல் ‘கிர்ஷெ’ என்றாகிச் செர்ரிப் பழத்தைக் குறிக்கும்.

நமக்கு எளியனவும் உள. குறில் நெடில் வேறுபாடு அங்கும் பொருளை மாற்றும்: ‘ஷ்டட்’ என்பது நகரம், ‘ஷ்டாட்’ என்பது அரசு. ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப ஒலி மாறுதலும் நாம் அறிந்ததே. ‘கண்’, ‘தங்கம்’ என்பவற்றில் ககரம் ஒன்று, ஒலி இரண்டு. அவ்வாறே, சக்கரத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் ஈற்றெழுத்து குரலுடைய மெய்யாக எழுதப்படினும், ஈற்றில் குரலிழந்து நிற்கும். ஆதலின் அச்சொல்லும், ஆலோசனையைக் குறிக்கும் சொல்லும் ‘ராட்’ என ஒன்றுபோலவே கேட்கும். பன்மையில் உயிர் தொடரும்போது முன்னையது தன் குரலை மீண்டும் பெறும். இங்கு நாம் காக்கவேண்டியது ஒன்று: ஈற்றில் உகரம் சேர்த்து ‘ராட்டு’ என்னலாகாது.

பயிற்சி முறையும் எளிதே. கண்ணாடியில் இதழ்களைக் கவனித்து ஒலித்துப் பழகுக. பின்னர், மேற்கூறியனபோல் ஓரொலியால் வேறுபடும் இரு சொற்களுள் ஒன்றைச் சொல்லி, இன்னது என்று உடன்பயில்வோரை எழுதச் செய்க. அவர் பிழையின்றி எழுதுவராயின் உச்சரிப்புச் செம்மையுற்றது எனத் துணியலாம். அன்றேல், எவ்வொலியில் குறை என்பது உடனே புலப்படும். நாள்தோறும் கால் மணி நேரம் இங்ஙனம் முயலும் மாணவர், தாம் கற்ற இலக்கணமும் சொற்களும் பிறர் செவியில் பொருளோடு சென்று சேர்வதை விரைவிற் காண்பர்.