கலந்து வளரும் காய்கறித் தோட்டமும் நீரிழிவு நோயாளரும்

எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு நெடுநாளாக வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், வீட்டின் பின்புறத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். நூல் பிடித்தாற்போல் பாத்தி அமைப்பார். ஒரு களையையும் தங்க விடமாட்டார். ஒரு நாள் வெறுங்காலுடன் களை எடுத்துக்கொண்டிருந்தபோது பாதத்தில் முள் தைத்தது. கால் நரம்புகள் உணர்விழந்திருந்தமையால் வலி தெரியவில்லை. நான்காம் நாள் படுக்கை விரிப்பில் கறையைக் கண்டு, அவருடைய துணைவியாரே புண்ணைக் கண்டறிந்தார்.

புண் ஆற மூன்று மாதங்களாயின. அதுவரை அவர் தோட்டத்தில் இறங்கவில்லை. கைவசமிருந்த விதைகளையெல்லாம் துணைவியார் ஒன்றாகக் கலந்து தூவிவிட்டார். "தோட்டம் கெட்டுவிட்டது, டாக்டர்" என்று எங்களிடம் அவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்த பையிலோ சிறுகீரையும் வெண்டையும் கொத்தவரையும் நிறைந்திருந்தன. தோட்டம் கெடவில்லை என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். அதையே இங்கும் பகிர்ந்துகொள்கிறோம்.

கலந்து வளர்ப்பதன் பயன்

மானாவாரி நிலத்தில் நிலக்கடலையோடு துவரை, ஆமணக்கு, தட்டைப்பயறு ஆகியவற்றைச் சேர்த்து விதைப்பது நம் உழவர்களின் பழைய வழக்கம். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். வீட்டுத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். ஒரே செடி வரிசையாக நின்றால், அதை உண்ணும் பூச்சிக்கு அடுத்த செடியைத் தேடும் வேலை எளிதாகிறது. பல செடிகள் கலந்து நின்றால் அது கடினமாகிறது. அவரை, கொத்தவரை போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகின்றன. அச்செடிகளின் எச்சம் மட்கும்போது மண்ணும் வளம் பெறுகிறது. தரையைப் போர்த்தியிருக்கும் இலைகள் ஈரத்தைக் காத்துக் களையைக் குறைக்கின்றன. களை குறைந்தால், குனிந்து செய்யும் வேலையும் குறையும்.

உணவிலும் இதற்குப் பயனுண்டு. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துக் கிழங்குகள் இக்கணக்கில் சேரா. சிறுகீரை நான்கு வாரத்துக்குள் கைக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கத்தரி பல மாதங்கள் காய்க்கும். எனவே, ஒரே நாளில் குவியாமல், நாள்தோறும் சிறிது சிறிதாகப் பலவகைக் காய்கள் கிடைக்கின்றன.

தொடங்கும் முறை

பத்துக்குப் பத்து அடி நிலமோ, மாடியில் சில தொட்டிகளோ போதும். ஓரத்தில் பந்தலிட்டு அவரையோ பீர்க்கோ ஏற்றுங்கள். நடுவில் கத்தரியும் வெண்டையும் இருக்கட்டும். இடைவெளிகளில் கீரை தூவுங்கள். இடையிடையே செண்டுமல்லி நடுவது, வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் குறைக்க உதவும். நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்கிச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். களைப்புற்றால் வேலையை அப்படியே விட்டு எழுந்துவிடுங்கள், மறுநாள் தொடரலாம்.

ஒழுங்கு தவறக்கூடாத இடங்கள்

செடிகள் கலந்து கிடக்கலாம். பின்வருவனவற்றில் மட்டும் தளர்வு கூடாது.

1. மூடிய காலணியின்றி மண்ணில் இறங்காதீர்கள். அணியுமுன் அதை உதறிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ குடும்பத்தார் உதவியுடனோ பாருங்கள். சிறு காயமாயினும் அன்றே காட்டுங்கள்.

2. இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்வோர் வெறும் வயிற்றில் தோட்ட வேலை செய்யலாகாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே அமர்ந்து சர்க்கரை அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்தாலோ, பார்க்க வசதியில்லாவிட்டாலோ 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

3. நடைபாதையில் கொடியோ குழாயோ கிடக்கக்கூடாது. புதருக்குள் கை விடுமுன் கழியால் தட்டுங்கள். தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையேனும் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் பெருகும்.

4. சிறுநீரக நோய் உள்ளோருக்குச் சில காய்களிலும் கீரைகளிலும் உள்ள பொட்டாசியம் ஊறு செய்யக்கூடும். வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இவ்விரு பிரிவினரும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

அப்பெரியவர் மீண்டும் தோட்டத்தில் இறங்கிவிட்டார். பாத்திகளை நேராக்க முயன்றபோது, துணைவியார் வேண்டாமென்று தடுத்துவிட்டாராம். முன்பு களை பார்க்கச் செலவிட்ட காலை நேரத்தில், இப்போது சிற்றுண்டிக்குப் பின் காலணி அணிந்து அரைமணி நேரம் தோட்டத்தில் இருக்கிறார். திரும்பியதும் இருவருமாக அவர் பாதங்களைப் பார்க்கின்றனர். இனி வரும்போது உங்கள் தோட்டத்தைப் பற்றியும் எங்களிடம் கூறுங்கள். கூடவே, பாதங்களையும் காட்டிச் செல்லுங்கள்.